மகனுக்குப் பள்ளி கிடைத்த விதம்

கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி, ஆட்டிசம் என்றதுமே என் மகனைச் சேர்க்க மறுத்துவிட்டது. மனசு ஆறவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதது என்ற சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம்.

சரி என்று அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு, அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்துக்குப் போனேன். சிறப்பாசிரியர் சொன்னார்: "கட்டடத்தைப் பாக்காதீங்கம்மா. வகுப்புல எத்தனை பிள்ளைங்க, எவ்வளவு சத்தம்னு பாருங்க."

குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்பவன் அவன். எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, இரைச்சலும் குறைவு. மணியடிக்கும் முன் தலைமையாசிரியை மணிப்படம் போட்ட அட்டையைக் காட்டுவார். அவனே காதைப் பொத்திக்கொண்டு தயாராகிவிடுவான். பள்ளி தேடுபவர்கள் வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.