வைஃபை முழுதாகக் காட்டுகிறது, இணையம் ஏன் நகரவில்லை?

திருகோணமலை உப்புவெளியில் பக்கத்து வீட்டு அக்கா அடிக்கடி மதிலுக்கு மேலால் கூப்பிடுவார். "தம்பி, வைஃபை முழுதாகக் காட்டுகிறது. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது."

வைஃபை வேறு, இணையம் வேறு. கைபேசிக்கும், வீட்டில் வைஃபை தரும் பெட்டியான ரவுட்டருக்கும் இடையிலுள்ள வானொலித் தொடர்புதான் வைஃபை. இணையம் ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. கோடுகள் நிறைந்திருந்தால் ரவுட்டரின் குரல் பலமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். கைபேசியோடு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

படி 1: விளக்குகள். ஃபைபர் இணைப்பு என்றால் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழை வழியே ஒளி வந்து சேரவில்லை. பெரும்பாலும் இது இணைப்பு தந்தவர்கள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

படி 2: பெயர். கைபேசியில் வரிசையாகத் தெரியும் வைஃபை பெயர்களை எஸ்எஸ்ஐடி என்பார்கள். தமிழிலும் பெயர் வைக்கலாம், ஆனால் எல்லை 32 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'திருகோணமலை' 10 குறிகள், 30 பைட், மட்டுமட்டாக அடங்கிவிடும். 'திருக்கோணமலை' என்று எழுதினால் 36 ஆகி வெளியே நிற்கும். எங்கள் ஊர்ப் பெயரில் 'க்' வருமா வராதா என்ற பழைய வழக்கில் ரவுட்டர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது!

படி 3: முகவரிகள். வைஃபை பெயரை அழுத்தினால் விவரப் பக்கம் வரும். மீன்பிடிப் படகின் உடலில் எழுதிய பதிவெண் போன்றது கைபேசியின் மேக் (MAC) முகவரி. (புதிய கைபேசிகள் வைஃபைக்கு ஒரு புனைபெயர் எண்ணைக் காட்டும், பயப்படாதீர்கள்.) அந்தப் படகை இன்று கரையில் எங்கே கட்டியிருக்கிறதோ அது ஐபி முகவரி, உதாரணமாக 192.168.1.7. இடம் ஒதுக்குவது டிஎச்சிபி. வீடுகளில் அந்த வேலையையும் ரவுட்டரே பார்க்கும். உங்கள் கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், ஒதுக்கித்தர ஆளில்லாமல் அது தானே ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கிறது. வைஃபையை அணைத்து மறுபடி போடுங்கள், சரிவராவிட்டால் ரவுட்டரையும்.

தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். ஓடிக்கொண்டிருந்த அழைப்பு தொடர்கிறது, புதிய தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் இதன்மேல் விழும். டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள். அது கூகுள் பொதுவாகத் தரும் சேவை.

படி 4: அலைவரிசை. அக்காவின் சிக்கல் இங்கேதான் இருந்தது. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தடங்கள், அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கா வீட்டைச் சுற்றி விருந்தினர் விடுதிகள். அலைவரிசை காட்டும் செயலியைத் திறந்தால் ஒன்பது பெயர்கள், அதில் ஏழு சேனல் 6-இல். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பதே வைஃபையின் ஒழுங்கு. கோடுகள் நிறைந்தும் வீடியோ நின்றதற்கு அந்த வரிசைதான் காரணம்.

உலாவியில் கேட்வே எண்ணை, அதாவது ரவுட்டரின் சொந்த ஐபி முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, தட்டினால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். அது கேட்கும் கடவுச்சொல் வைஃபை கடவுச்சொல் அல்ல; ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் பாருங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். வெப் (WEP) என்ற பழைய முறை இருந்தால், அந்தப் பூட்டு 2001-லேயே உடைந்துவிட்டது.

அக்காவின் ரவுட்டரைச் சேனல் 11-க்கு மாற்றினேன். கூடத்துத் தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தேன். அதில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் பின்னறைச் சுவரை அது தாண்டவில்லை, அங்கே கைபேசி 2.4-இலேயே இருக்கிறது. மே மாதம் சுற்றுலாப் பருவம் தொடங்கி விடுதிகள் நிறைந்ததும் மதிலுக்கு மேலால் மறுபடி குரல் வரும்.