நாற்சார் வீட்டுக்கு ஏற்ற அலங்கார நூல்கள்

நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் கட்டப்பட்ட பழைய நாற்சார் வீட்டைத் திருத்தி அழகுபடுத்த நினைப்பவர்கள், பளபளப்பான வெளிநாட்டு நூல்களுக்குப் பணம் செலவழிக்கும் முன், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தம் பெந்தோட்டைத் தோட்டத்தைப் பற்றி இரு நண்பர்களுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட ‘லுனுகங்கா’வை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அதன் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பது குறையன்று. நிறம் கண்ணை இழுக்காததால், விறாந்தையில் வெயில் எதுவரை வருகிறது, ஒரு கதிரைக்குப் பின்னால் எவ்வளவு சுவர் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்பவை தெளிவாகத் தெரிகின்றன. இலங்கையின் பழைய கட்டடங்களைக் கோட்டோவியங்களால் விளக்கும் ‘த ஆர்க்கிடெக்சர் ஒஃப் அன் ஐலண்ட்’ (1998) அடுத்தது. முற்றத்துக்கும் தூணுக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தை அறிய, என் கருத்தில், ஒளிப்படத்தைவிடக் கோட்டோவியமே உதவும்.

பிடித்த பக்கத்தில் பசைத்தாள் ஒட்டாமல் மெல்லிய கடதாசித் துண்டொன்றை வைத்து, அதில் உங்கள் அறையின் நீள, அகல, உயரங்களை எழுதிவிடுங்கள். பனந்தீராந்தி (பனைமர உத்தரம்) தாங்கிய தாழ்வாரத்தில், படத்திலுள்ள உயர்ந்த அலுமாரி நுழையாமலே போகலாம். கனமான இந்நூல்களை நிமிர்த்தி அடுக்கினால் கட்டுத் தளரும். மேசையில் படுக்கவைத்து, மாரிகாலத்தில் அடிக்கடி விரித்துக் காற்றாட விடுங்கள்.