எங்கள் நாயின் வயிறு தேறிய விதம்

எங்கள் லாப்ரடார் நாய்க்கு நான்கு வயதானபோது, வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் சளி கலந்து கழிவதும், விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பதும் வழக்கமாகிவிட்டன. மலப் பரிசோதனையில் குடற்புழு இல்லை என்று தெரிந்த பிறகே, கால்நடை மருத்துவரின் ஒப்புதலுடன் கடைத் தீவனத்தை விட்டு வீட்டுச் சமையலுக்கு மாறினேன்.

தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, குழைந்த பச்சரிசிச் சோற்றுடனும் மசித்த பரங்கிக்காயுடனும் பிசைந்து கொடுத்தேன். தொடக்கத்தில் பழைய தீவனத்தில் கால் பங்கு மட்டும் இதைக் கலந்து, 10 நாள்களில்தான் முழுமையாக மாற்றினேன். உணவை மூன்று வேளையாகப் பிரித்து, இரவு படுக்கும் முன் ஒரு சிறு கவளமும் வைக்கத் தொடங்கியதும் விடியற்கால வாந்தி நின்றது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், எங்கள் குழம்புச் சட்டியிலிருந்து ஒரு கரண்டிகூட அதற்குப் போகவில்லை. இதற்கு என் மாமியாரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

ஒரு பிழையும் செய்தேன். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு என்பதை அறியாமல் ஆறு வாரங்கள் இதையே கொடுத்துவந்தேன். மருத்துவர் கடிந்துகொண்டு, நாயின் எடைக்கேற்ற அளவில் கால்சியம் பொடியும் வைட்டமின் மருந்தும் எழுதித் தந்தார். அவற்றை இன்றும் காலை உணவில் கலந்தே வைக்கிறேன்.