லாகில் பச்சை, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை: ஜிராவில் வெப் ரிக்வெஸ்ட் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான ஜிராவில் ஒரு டிக்கெட் முடிந்ததும் கணக்குப் பிரிவின் பில்லிங் மென்பொருளில் ஒரு வரி ஏற வேண்டும். கேட்டது இவ்வளவுதான். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று ரூல் எழுதிவைக்கும் ஜிரா ஆட்டோமேஷனில், வேறொரு மென்பொருளுக்கு இணையம் வழியாகத் தகவல் அனுப்ப ‘செண்ட் வெப் ரிக்வெஸ்ட்’ என்று ஓர் ஆக்‌ஷன் இருக்கிறது. முகவரி, மெத்தட் (எடு, போடு போன்ற செயல் வகை), ஹெடர் (அனுப்புகிறவரின் அடையாளம் போன்ற மேல்குறிப்பு), பாடி (அனுப்பும் உள்ளடக்கம்) என்று நாலு பெட்டியை நிரப்பினால் வேலை முடிந்தது. நானும் நிரப்பினேன், ஒரு டிக்கெட்டை வைத்துச் சோதித்தேன், டீ குடிக்கப் போய்விட்டேன். மூன்று வாரம் ரூல் ஓடியது. ரூல் ஓடியதைக் குறித்துவைக்கும் ஆடிட் லாகைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை பச்சை. அப்புறம் ஒருநாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, “சார், உங்க டிக்கெட்ல பாதிதான் எங்களுக்கு வருது” என்றார்.

அந்த ஒரு ரூலில் நான் செய்திருந்த தவறுகள் ஒன்றிரண்டு அல்ல. பிறகு மற்றவர்களின் ரூல்களைப் பார்த்தபோது, எல்லோரும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் வழுக்குகிறோம் என்று தெரிந்தது.

போனதா, போய்ச் சேர்ந்ததா?

முதல் தவறு ஒரு செக்பாக்ஸ். பதில் வரும்வரை அடுத்த ஆக்‌ஷனை நிறுத்திவை என்று சொல்லும் பெட்டி அந்த ஆக்‌ஷனின் அடியில் இருக்கிறது. அதை டிக் செய்யாவிட்டால் ஜிரா ரிக்வெஸ்டை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். லாகில் தெரியும் பச்சைக்கு ‘அனுப்பினேன்’ என்று மட்டும்தான் பொருள். கூரியர் கடையில் வாங்கிய ரசீது மாதிரி. பெற்றவரின் கையெழுத்து அதில் இருக்காது.

டிக் செய்தால் எதிர்ப்பக்கத்தின் ஸ்டேட்டஸ் எண்ணும் (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் மூன்றிலக்க எண்) பாடியும் ‘வெப்ஹுக் ரெஸ்பான்ஸ்’ என்ற ஸ்மார்ட் வேல்யூவில் (ரூல் ஓடும்போது நிஜ மதிப்பால் நிரம்பும் இடக்குறி) கிடைக்கும். அடுத்து ஒரு இஃப் கண்டிஷன் வைத்து எண்ணைப் பாருங்கள். இங்கே அவசரப்பட்டு ‘200 வந்தால் வெற்றி’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பல ஏபிஐ-கள் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்கள்) 201 தரும். ஜிராவின் சொந்த ஏபிஐ-யில் ஒரு டிக்கெட்டைத் திருத்தினால் 204 வரும், பாடி காலியாக இருக்கும். அதுவும் வெற்றிதான்.

இதற்கு நேர்மாறான வம்பும் உண்டு. அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின், செய்தி வாங்கவென்றே உள்ள இன்கமிங் வெப்ஹுக் முகவரிக்கு அனுப்பினால் ‘ஓகே’ என்று வெறும் எழுத்தாகப் பதில் வரும், தப்பாக அனுப்பினால் 400 வரும். ஆனால் அதே ஸ்லாக்கின் வெப் ஏபிஐ வழியாகச் செய்தி போட்டால், சேனலே இல்லாவிட்டாலும் ஸ்டேட்டஸ் 200-தான். தோல்வி என்ற விஷயம் பாடிக்குள் ‘ஓகே: ஃபால்ஸ்’ என்று ஒளிந்திருக்கும். ஆக, எண்ணை மட்டும் பார்ப்பதா, பாடியையும் பார்ப்பதா என்பது எதிர்ப்பக்கம் யார் என்பதைப் பொறுத்தது. அவர்களுடைய ஆவணத்தில் பிழைகளைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். நாம் வழக்கமாக அதைக் கடைசியில்தான் படிக்கிறோம், படித்தால்.

இரட்டை மேற்கோள் என்ற வில்லன்

பாதி டிக்கெட் போகாததற்குக் காரணம் பாடி. கஸ்டம் டேட்டா என்று தேர்ந்தெடுத்து, தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவமான ஜேசனை நானே கையால் எழுதியிருந்தேன். தலைப்பு வர வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டு நடுவில் சம்மரியின் ஸ்மார்ட் வேல்யூவை வைத்திருந்தேன். நான் சோதித்த டிக்கெட்டின் தலைப்பு ‘டெஸ்ட்’. அதற்கு என்ன கேடு வரும்? ஆனால் நிஜ டிக்கெட்டின் தலைப்பு, "சேமி" பொத்தான் வேலை செய்யவில்லை, என்று இருக்கும். சேமி என்ற சொல்லைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோள் ஜேசனை அந்த இடத்திலேயே முடித்துவிடும். டிஸ்கிரிப்ஷனில் யாராவது எண்டர் தட்டியிருந்தால் அதற்கும் இதே கதி. ஜேசன் எழுத்துச்சரத்துக்குள் புதுவரியை அப்படியே வைக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டர் பாதையை ஒட்டினால் அதில் வரும் பின்சாய்வுக் கோடும் உடைக்கும்.

இதற்காகவே ‘ஆஸ் ஜேசன் ஸ்ட்ரிங்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்மார்ட் வேல்யூவின் வாலில் புள்ளி வைத்து அதைச் சேர்த்தால் இந்தக் குறிகளையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்றை மறக்கக்கூடாது: சுற்றியுள்ள மேற்கோளையும் அதுவே போடும். நீங்களும் போட்டால் இரட்டிப்பாகி மறுபடி உடையும். ‘ஜேசன் என்கோட்’ என்பது வேறு. அது உள்ளே இருப்பதை மட்டும் சரிசெய்யும், மேற்கோளை நீங்கள்தான் போட வேண்டும். முகவரிக்குள் ஒரு மதிப்பை வைக்கும்போது ‘யூஆர்எல் என்கோட்’. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாடி சம்பந்தமான தலைவலியில் பெரும்பகுதி போய்விடும்.

எண் ஃபீல்டு காலியாக இருந்தாலும் ஜேசன் உடையும். முக்காற்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. ஸ்மார்ட் வேல்யூவுக்குள் ஒரு செங்குத்துக் கோடு போட்டு 0 என்று இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்மார்ட் வேல்யூவின் பெயரைத் தப்பாக எழுதினால் ஜிரா கத்தாது. அமைதியாகக் காலி இடத்தை அனுப்பும். கஸ்டம் ஃபீல்டைப் பெயர் சொல்லி அழைத்திருந்து, அட்மின் ஒருநாள் பெயரை அழகுபடுத்தி மாற்றினாலும் இதேதான். ஃபீல்டின் எண்ணைச் சொல்லி அழைத்தால் பெயர் மாறினாலும் பிழைக்கும்.

401, 403, 404

ரூலிலிருந்து ஜிராவின் சொந்த ஏபிஐ-யை அழைக்க வேண்டிவந்தால், ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியனே இணையத்தில் நடத்தும் கிளவுட் பதிப்பில் கடவுச்சொல் 2019-லேயே செல்லாக்காசாகிவிட்டது. மின்னஞ்சல், முக்காற்புள்ளி, ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவி) மூன்றையும் சேர்த்து பேஸ் 64 என்ற எழுத்துமாற்று முறையில் மாற்றி ஹெடரில் வைக்க வேண்டும். இங்கே ஒரு பழைய பொறி. டெர்மினலில் எக்கோ கட்டளைக்குக் கொடுத்து மாற்றுவோம். எக்கோ தன் பங்குக்குக் கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்க்கும். அதுவும் பேஸ் 64-க்குள் போய்விடும். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பதில் மட்டும் 401. ‘மைனஸ் என்’ போட்டோ பிரிண்ட்எஃப் கொண்டோ செய்தால் இந்த வம்பு இல்லை. பேஸ் 64 பூட்டு அல்ல, யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். அதனால் ஹெடர் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ‘ஹிட்டன்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். ஸ்லாக் வெப்ஹுக்குக்கோ முகவரியே ரகசியம். அது தெரிந்த எவரும் உங்கள் சேனலில் எழுதலாம்.

401 என்றால் நீ யார் என்றே தெரியவில்லை. 403 என்றால் தெரியும், அனுமதி இல்லை. ஆனால் ஜிராவில் அந்தக் கணக்குக்குப் பார்க்க உரிமையில்லாத டிக்கெட்டைக் கேட்டால் 404 வரும், ‘அப்படியொன்று இல்லை, அல்லது உனக்கு உரிமை இல்லை’ என்று. முகவரியில் எழுத்துப்பிழை தேடி ஒரு மாலையையே தொலைப்பதற்கு முன் புராஜெக்ட் அனுமதியைப் பாருங்கள்.

டோக்கன் யாருடையது என்பதும் முக்கியம். 2024 டிசம்பரிலிருந்து உருவாக்கும் அட்லாசியன் டோக்கன்களுக்கு அதிகபட்சம் ஒரு வருடம்தான் ஆயுள். அடுத்த வருடம் ஏதோ ஒரு நாள் ரூல் படுத்துவிடும், யாருக்கும் காரணம் நினைவிருக்காது. காலாவதித் தேதியை இப்போதே காலண்டரில் போடுங்கள். டோக்கன் உங்கள் சொந்தக் கணக்கினுடையதாக இல்லாமல் ஆட்டோமேஷனுக்கென்றே உள்ள தனிக் கணக்கினுடையதாக இருக்கட்டும். ரூலின் ஓனரும் அப்படியே. தோல்வி மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும், அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அதை யார் படிப்பார்கள்?

தானே தன்னை எழுப்பும் ரூல்

ஒரு ரூலின் செயல் இன்னொரு ரூலைக் கிளப்பலாமா என்று கேட்கும் பெட்டி ரூல் விவரங்களில் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விட்டால் சுழற்சி வராது என்று நம்புவோம். ரூலுக்குள்ளிருந்து வெப் ரிக்வெஸ்ட் வழியாக ஜிராவின் ஏபிஐ-யையே அழைத்தால் அந்தக் காவல் உதவாது. ஜிராவின் கண்ணில் அந்த மாற்றத்தைச் செய்தவர் டோக்கனுக்குரிய ஆள், ரூல் அல்ல. ஆகவே மறுபடி ரூல் கிளம்பும். ரூலின் தொடக்கத்திலேயே, மாற்றம் செய்தவர் ஆட்டோமேஷன் கணக்காக இருந்தால் நிறுத்து என்று ஒரு கண்டிஷன் வையுங்கள். 2023 இறுதியில் வந்த கணக்குப்படி இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100 ஓட்டம்தான். ஒரு சுழற்சி அதை ஒரு மூச்சில் குடித்துவிடும்.

இதைவிட எளிய வழி, தன்னையே அழைக்காமல் இருப்பது. டிக்கெட்டைத் திருத்த, உருவாக்க, கமெண்ட் போட, ஸ்லாக்குக்குச் செய்தி அனுப்ப ஆட்டோமேஷனில் தயார் ஆக்‌ஷன்கள் இருக்கின்றன. வெப் ரிக்வெஸ்ட் கெத்தாக இருக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று: டிக்கெட்டின் ஸ்டேட்டஸை (அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை) டிக்கெட் திருத்தும் முகவரியில் மாற்ற முடியாது. அதற்கு ‘டிரான்சிஷன்ஸ்’ என்ற தனி முகவரி, அங்கே மெத்தட் போஸ்ட்.

சில சில்லறைகள். கிளவுட் ஜிராவால் உங்கள் அலுவலக உள்வலைக்குள் இருக்கும் சர்வரைத் தொட முடியாது. உங்கள் கணினியிலிருந்து திறக்கிறது என்பது சான்றாகாது. இப்போதைய நேரத்துக்கான ‘நவ்’ என்ற ஸ்மார்ட் வேல்யூ தருவது யூடிசி நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதிகாலை 5:30-க்கு முன் மூடிய டிக்கெட்டுக்கு நம் ஊர்க் கணக்கில் முந்தைய நாள் தேதி விழும். கணக்குப் பிரிவுக்கு இது சில்லறை அல்ல, மாதக் கடைசியில் சண்டையே வரும். ஆக்‌ஷனுக்குள் இருக்கும் ‘வேலிடேட்’ பொத்தான் நாடகம் அல்ல. நிஜமாகவே ரிக்வெஸ்டை அனுப்பும்.

என் பில்லிங் ரூலை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் தரும் பதிவு எண்ணை டிக்கெட்டில் ஒரு கஸ்டம் ஃபீல்டில் எழுதி வைக்கிறேன். அந்த ஃபீல்டு காலியாக இருந்தால் மட்டுமே ரிக்வெஸ்ட் போகும். யாராவது டிக்கெட்டைத் திறந்து மறுபடி மூடினாலும் இரண்டு பில் வராது. கூடவே இரவில் ஓடும் ஒரு ஷெட்யூல் ரூல், முடிந்தும் அந்த ஃபீல்டு காலியாக இருக்கும் டிக்கெட்டுகளைத் தேடி மறுபடி அனுப்புகிறது. கணக்குப் பிரிவுக்காரர் இப்போதும் வருகிறார், ஆனால் வேறு புகாரோடு: தலைப்பு ரொம்ப நீளமாக இருக்கிறதாம்.