மழைப்பக்கத்துக்கு எந்த மடக்குக் கத்தி?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி வேண்டுமா? என் ஓட்டு ஒப்பினெலுக்குத்தான். 1890-இல் பிரான்சின் சவோயில் தொடங்கிய கம்பெனி. அதன் அளவுகளில் எட்டாம் நம்பர் போதும், அலகு (வெட்டும் தகடு) 8.5 செ.மீ. செயின்ட் ஆந்த்ரே மாதிரி மழை கொட்டும் கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத 'இனாக்ஸ்' அலகே வாங்குங்கள். கார்பன் எஃகு அலகு சுலபமாகத் தீட்ட வரும், ஆனால் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தாலே கறுத்துவிடும். பீச் (beech) மரப்பிடி ஈரத்தில் உப்பிக்கொண்டால் கத்தியைத் திறப்பதே பாடு. அதனால் கழுவியதும் துடைத்து, திறந்தபடியே காயவிடுங்கள். அப்புறம், வெட்டும் முன் பிடியின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டுங்கள், விரல் தப்பும். தக்க காரணமில்லாமல் கத்தியோடு வெளியே போகக் கூடாது, பிரெஞ்சுச் சட்டம் இங்கேயும் உண்டு.