கல்வெட்டுப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதி, மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளிலிருந்து தட்டச்சு செய்த பட்டியல். மீதி, ஆர்வலர்கள் ஊர் ஊராகப் போய் எழுதி வந்த களப் பட்டியல். ஊர், அரசன், ஆட்சியாண்டு மூன்றும் ஒத்துப்போனால் ஒரே கல்வெட்டு என்று முடிவு செய்து, இரட்டை வரிகளை நீக்கும் பொத்தானை அழுத்தப் போனார்கள். கையைப் பிடித்து நிறுத்தினேன். வேலைக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் அழுத்தினேன்.

ஒரே கல் பல பட்டியல்களில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1886-ல் ஹுல்ஷ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு ஆய்வாளராக வந்ததிலிருந்து மத்திய வரிசை ஒன்று ஓடுகிறது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தனியாகவே எண்ணிட்டு 1929-ல் அச்சிட்டது. 1961-ல் மாநிலத் தொல்லியல் துறை வந்தபின் மாவட்ட வாரியாக, வட்ட வாரியாகத் தொகுதிகள் வந்தன. இப்போது உள்ளூர்க் குழுக்களின் பட்டியல்களும் சேர்ந்துவிட்டன. புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலைக் கல்வெட்டுகளில் பலவற்றுக்கு மத்திய எண் ஒன்று, சமஸ்தான எண் ஒன்று. இதையெல்லாம் சேர்க்க எங்களிடம் இருப்பது இரண்டே பேர், அதிலும் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான்.

எழுத்துப்பிழை, வரி விட்டுப்போவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊர்ப் பெயரை நம்பிச் சேர்ப்பது

பழைய ஆங்கில அறிக்கைகளில் ‘திருவடி’ என்று ஓர் ஊர் வரும். தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ் வந்தால் அது திருவையாறு. தென்னாற்காட்டின் கீழ் வந்தால் திருவதிகை. ஷீட்டில் மாவட்டப் பத்தியை (நெடுவரிசையை) விட்டுவிட்டு ஊர்ப் பத்தியை மட்டும் வைத்துச் சேர்த்தால், காவிரிக் கரைக் கல்வெட்டு கெடிலக் கரைக்குப் போய்விடும்.

சரி, மாவட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றால் அதுவும் நிற்பதில்லை. நன்னிலம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். செங்கம் 1989 வரை வட ஆர்க்காடு, இப்போது திருவண்ணாமலை. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆகவே அறிக்கையில் உள்ள மாவட்டத்தையும் ஊரையும் அச்சில் இருக்கிறபடியே ஒரு பத்தியில் வையுங்கள். பக்கத்தில் இன்றைய வருவாய்க் கிராமத்தையும் அதற்கு அரசு கொடுத்திருக்கும் எல்.ஜி.டி. (லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி) எண்ணையும் எழுதுங்கள். ஒப்பிடுவது அந்த எண்ணை வைத்து நடக்கட்டும். வயல்வெளி நடுகல் என்றால் புல எண்ணும் (சர்வே எண்) வேண்டும்.

ஆண்டு இல்லாத எண்

ஆண்டறிக்கை எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். வெறும் ‘எண் 112’ என்று எழுதி வைத்தால் பயன் இல்லை. 1936-37 போன்ற இரட்டை ஆண்டுகளை ஒருவர் 1936 என்பார், இன்னொருவர் 1937 என்பார், அதனால் இரண்டையும் முழுதாக எழுதுங்கள். செப்பேடுகள் ‘ஏ’ பின்னிணைப்பிலும் கற்கள் ‘பி’ பின்னிணைப்பிலும் தனித்தனி வரிசையாக வருபவை. அந்த எழுத்தை விட்டால் கல் செப்பேடாகிவிடும்.

பழைய இடத்தின் மேல் புதிய இடத்தை எழுதுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

பழைய தென்னாற்காட்டுப் பகுதியில் ஒரு சிவன் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கோயிலின் கருவறைத் தென்சுவரில் ஒரு சோழர் கல்வெட்டு இருப்பதாக பழைய ஆண்டறிக்கை ஒன்று சொல்கிறது. நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) ஒன்றுக்கு 90 ஆடு கொடுத்த செய்தி. எங்கள் களப் பட்டியலிலும் அதே அரசன், அதே ஆட்சியாண்டு, அதே 90 ஆடு. இடம் மட்டும் ‘குளத்துப் படித்துறையில் பதித்த பலகைக்கல்’ என்று இருந்தது. பழைய தகவல் காலாவதியாகிவிட்டது, நேரில் பார்த்து எழுதியதுதான் சரி என்று நினைத்து, ‘தென்சுவர்’ என்பதை அழித்துவிட்டுப் ‘படித்துறை’ என்று போட்டேன். இரண்டு வரியை ஒரு வரியாக்கினேன். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு மட்டும் அப்படி முப்பது நாற்பது வரிகள் முடித்தேன், நேரம் மிச்சம் என்ற திருப்தியும் இருந்தது.

மூன்று வருடம் கழித்து அந்தக் கோயிலில் மறுபடி திருப்பணிக்குக் கல் பிரிக்கத் தொடங்கினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். “போன திருப்பணியில தென்சுவரைப் பிரிச்சப்போ எழுத்துக் கல்லெல்லாம் வரிசை மாறி எங்கெங்கேயோ போயிடுச்சு தம்பி. சிலதைக் கடைக்காலுக்குள்ளேயே போட்டுட்டாங்க. இந்தத் தடவை விடக் கூடாது. சுவத்துல என்னென்ன எழுத்து இருந்துச்சுன்னு உங்க பட்டியல்ல இருக்குமே, எடுத்துக் குடுங்க, மனு எழுதணும்” என்றார். பட்டியலைத் திறந்தேன். அந்தக் கோயிலின் தென்சுவரில் எழுத்து இருந்ததாக ஒரு வரிகூட இல்லை. நான்தான் அழித்திருந்தேன்.

அச்சு நூலிலிருந்து மறுபடி எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தோம். ஆனால் எந்த வரியில் எதை மாற்றினேன் என்று நான் எங்கேயும் குறிக்கவில்லை. அதனால் பட்டியல் முழுவதையும் ஆண்டறிக்கைகளோடு வரிவரியாக ஒப்பிட வேண்டியதாயிற்று. எங்கள் ஆள்பலத்துக்கு அது நாலு மாதம் பிடித்தது. அதற்குள் கோயிலில் வேலை முடிந்துவிட்டது.

அந்த ஒப்பீட்டில்தான் இன்னொன்றும் தெரிந்தது. படித்துறைக் கல் தென்சுவர்க் கல்லே இல்லை. அறிக்கைச் சுருக்கத்தில் விளக்கு வைத்தவர் ஒரு வணிகர். படித்துறைக் கல்லை மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. ஒரே ஆட்சியாண்டில் ஆளுக்கொரு விளக்கு வைத்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு என்பது பல ஊர்களில் வழக்கமான கணக்கு. அரசன், ஆண்டு, ஆடு மூன்றும் ஒத்துப்போவதை வைத்து ஒரே கல் என்று சொல்லவே முடியாது. வணிகரின் கல் எங்கே போனது என்று அத்தனை வருடம் யாரும் தேடவில்லை. என் பட்டியல்தான் அது படித்துறையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததே.

இரண்டு பட்டியல்கள் ஓரிடத்தில் முரண்பட்டால் அவற்றில் ஒன்று தவறு என்று புதிதாக வருபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் இரண்டுமே சரிதான். ஒன்று அன்றைக்கு இருந்த நிலை, மற்றது இன்றைய நிலை, நடுவில் ஒரு திருப்பணி நடந்திருக்கிறது. அந்த முரண்பாடு ஒன்றுதான் கல் நகர்ந்ததற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி. அல்லது இருப்பதே இரண்டு கல்லாக இருக்கும். எதுவானாலும் மேலெழுதினால் போய்விடும்.

இப்போது எங்கள் முறை இது. மத்தியப் பட்டியலும் களப் பட்டியலும் வந்தபடியே தனித்தனி ஷீட்டில் இருக்கும், அவற்றில் யாரும் கை வைப்பதில்லை. மூன்றாவதாக மெல்லிய ஓர் இணைப்பு ஷீட். அதில் இந்தப் பட்டியல் எண், அந்தப் பட்டியல் எண், ‘அதே கல்’, ‘அதே கல்லாக இருக்கலாம்’, ‘அது அல்ல’ ஆகிய மூன்றில் ஒன்று, எதை வைத்துச் சொன்னோம் என்பது, சொன்னவர், தேதி. ‘எதை வைத்து’ என்ற பத்திதான் உயிர். நேரில் பார்த்தா, மைப்படி பார்த்தா, பட்டியலை மட்டும் பார்த்தா? பட்டியலை மட்டும் பார்த்தவர் ‘அதே கல்’ என்று எழுத எங்களிடம் அனுமதி இல்லை.

ஆள் இல்லை, நேரம் இல்லை, அதனால்தான் சட்டென்று ஒன்றாக்கிவிடுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். உண்மையில் இணைப்பு ஷீட்டுக்கு நேரம் குறைவாகத்தான் ஆகும். ஒவ்வொரு வரியிலும் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ‘இருக்கலாம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். கல்லைப் பார்க்க ஒரு நாள் யாராவது போகும்போது அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கோப்பரகேசரிக்குப் பெயர் வைத்துவிடுவது

சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ‘கோப்பரகேசரிக்கு யாண்டு 5’ (பரகேசரி அரசனின் 5-ஆம் ஆட்சியாண்டு) என்று மட்டும் இருந்தால் அது முதலாம் பராந்தகனாக இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன் என்று துணிந்து சொல்லலாம். மத்திய அறிக்கை ‘பரகேசரி’ என்று மட்டும் எழுதி நிறுத்திய இடத்தில் உள்ளூர்ப் பட்டியல் ‘முதலாம் பராந்தகன், கி.பி. 912’ என்று எழுதியிருக்கும். புதியவர்களுக்குப் பின்னதுதான் பிடிக்கும், கட்டம் நிறைந்துவிடுகிறதே. அறிக்கை எழுதியவர் தயங்கியதற்கு எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), சிதைந்த வரி என்று காரணம் இருந்திருக்கும். இரண்டு கருத்தையும் யார் சொன்னது என்ற குறிப்போடு வையுங்கள்.

‘ஸ்ரீ’

யூனிகோடில் இதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடுவதற்கு முன் ஒன்றாக்குங்கள்.

அளவுகோல் இல்லாத படம்

எடுக்காதீர்கள்.

அகர வரிசையில் தொடங்குவது

அச்சிறுபாக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் ஊராக வருவோம் என்று திட்டம் போட்டால், வேலூர் பக்கம் வருவதற்குள் அங்கே சுவர் இருக்காது. குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்பதற்கு எங்களிடம் இப்போது ஒரே விடைதான்: எந்தக் கோயிலில் அடுத்து கல் பிரிக்கப் போகிறார்களோ அங்கே. 12 ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்பது வழக்கம். போன குடமுழுக்கின் ஆண்டு பெரும்பாலும் கோயில் சுவரிலேயே ஒரு பளிங்குப் பலகையில் இருக்கும். அந்த ஆண்டைக் களப் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினால் இந்த வருடம் போக வேண்டிய ஊர்கள் மேலே வந்துவிடும்.

பாலாலய (திருப்பணிக்கு முன் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் சடங்கு) அறிவிப்புச் சுவரொட்டி கண்ணில் பட்டால் வேறு வேலையை நிறுத்திவிடுங்கள். அந்தக் கோயிலுக்குரிய வரிகளை மட்டும் இரண்டு ஷீட்டிலிருந்தும் தாளில் எடுத்துக்கொண்டு, செயல் அலுவலரிடம் சொல்லிவிட்டு, கல் பிரிப்பதற்கு முன் போய்ச் சுவரோடு ஒப்பிடுங்கள். பிரிக்கிற கற்களுக்கு மேஸ்திரி பெயிண்டில் எண் போடுவார். எழுத்துள்ள கற்களை அவருக்குக் காட்டி, அவர் போடும் எண்ணையும் இணைப்பு ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.