முருங்கை இலை, செண்டுமல்லி, ஆளிவிதை: முட்டைக் கோழிக்குத் தீவனம் கலக்கும் முறை

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. கவாத்து செய்த கிளைகள் வரப்பில் கிடந்து காயும். நூறு முட்டைக் கோழி வளர்க்கும் எனக்கு அந்த இலையை வீணாக்க மனம் வரவில்லை. என்னிடம் முட்டை வாங்குவோரில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் அதிகம். அதனால் கோழி எதைத் தின்கிறது என்பதில் நான் மிகக் கண்டிப்பு.

இலை பறிக்கும் முன் மருந்தைப் பற்றி விசாரியுங்கள். புழுவுக்கு மருந்தடித்த மரத்து இலை கூடவே கூடாது. கொழுப்பில் கரையும் நஞ்சு மஞ்சள் கருவில் போய்த் தங்கும். சந்தையில் மிஞ்சிய பூவும் கோயில் மாலையும் இதே காரணத்தால் வேண்டாம். தோட்டத்து ஓரத்தில் நாமே நட்ட செண்டுமல்லி போதும்.

இலையையும் இதழையும் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) நிழலில் மெல்லியதாகப் பரப்புங்கள். வெயில் பட்டால் வைட்டமின் ஏ தரும் கரோட்டின் அழியும். கசக்கினால் சரசரவென்று நொறுங்கும்வரை காய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரலாம்.

மொத்தக் கலவை 100 கிலோ என்றால் முருங்கைத் தூள் 5 கிலோ, செண்டுமல்லித் தூள் அரை கிலோ, ஆளிவிதை 5 கிலோ, மீதி லேயர் தீவனம் (முட்டைக் கோழிக்கான தீவனம்). கோழிக்கு நாளுக்கு 110 கிராம் கணக்கில் நூறு கோழிக்கு இது ஒன்பது நாள் வரும். இலை கூடினால் நார் கூடி முட்டை குறையும். ஆளிவிதை 10 கிலோவைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரலாம். அதை லேசாக வறுத்து, ஆறியபின் உடையுங்கள். உடைத்தது சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக் கலக்குங்கள். தூளை முதலில் ஐந்து கிலோ தீவனத்தில் பிசறி, பிறகு மொத்தத்தோடு புரட்டினால்தான் எல்லாக் கோழிக்கும் சமமாகக் கிடைக்கும். முதல் வாரம் பாதி அளவு கொடுத்துப் பழக்குங்கள்.

பத்து நாளில் மஞ்சள் கரு நிறம் ஏறும். அந்த நிறம் செண்டுமல்லியிலும் முருங்கை இலையிலும் உள்ள லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி தருவது. பீட்டா கரோட்டினைக் கோழி வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அது அவ்வளவாக நிறம் காட்டாது. ஆளிவிதையின் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கண்ணுக்கே தெரியாது. எனவே நிறத்தை வைத்துச் சத்தை அளக்காதீர்கள். முட்டையின் புரதமும் தீவனத்தால் பெரிதாக மாறுவதில்லை. முக்கியமாக மாறுவது கொழுப்பின் தன்மையும் வைட்டமின்களும்தான். வாங்குவோரிடம் இதை அப்படியே சொல்லி விற்கிறேன்.

முருங்கையில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் முட்டை ஓட்டுக்கு அது போதாது. கிளிஞ்சலைத் தனித் தட்டில் எப்போதும் வைத்திருங்கள்.

வேலியில் சவுண்டல் (சூபாபுல்) இலை சும்மா கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு கோழிக்கு ஆகாது. நான் போடுவதே இல்லை.